"நான் விவசாயி இல்லை" என்ற ஜேபஸ் டட்டில்

என் தங்கை வீட்டுக்காரர் ஜேபஸ் டட்டிலுக்கு இன்னைக்கு நாற்பது ஏக்கர் நிலம், ஆறு பசு, ஒரு ஜோடி எருது, எண்ணிக்கையில அடங்காத பன்றி. ஆனா நீங்க போய், "விவசாயம் எப்படிப் போகுது?"ன்னு கேட்டுடாதீங்க. மூஞ்சி சுண்டிப் போயிடும். "நான் டோப்பா செய்றவன்"ம்பார். தலைமுடி வச்சுப் பெரிய மனுஷங்களுக்குத் தைச்சுக் குடுக்கிறாங்களே, அந்த டோப்பா. கையில சாணி அள்ளுற முள்கரண்டி இருக்கும், அப்பவும் அதையேதான் சொல்வார். இப்ப மரியாதைக்கு 'அவர்'ங்கிறேன். வந்த புதுசுல எனக்கு 'அவன்'தான். கதை அந்தக் காலத்துது, அதனால 'அவன்'னே சொல்லிட்டுப் போறேன். கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும், எனக்கென்ன.

பாஸ்டனுக்கு மேற்க, காட்டைத் திருத்தி உண்டாக்கின எங்க டன்ஸ்பரிக்கு அவன் வந்தது மார்ச் பதினொண்ணாம் தேதி, முழங்கால் அளவு சேத்துல. ஒரு கிழட்டுக் குதிரை, அது மேல ரெண்டு பெட்டி. ஒரு பெட்டியைத் திறந்தா உள்ள பூரா மரத்துல செஞ்ச தலை. என் பசங்க மூணு பேரும் அலறிக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினவங்க சாயங்காலம்தான் வெளிய வந்தாங்க.

"அக்கா, ரொட்டிக் கடை எந்தப் பக்கம்?"னான். அதுதான் அவன் என்கிட்ட பேசின முதல் பேச்சு.

"என்ன கடை?"

"ரொட்டி விக்கிற கடை."

"ரொட்டியை எதுக்குப்பா விக்கணும்?"

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பைத்தியக்காரியோன்னு நினைச்சிருப்பான். "சரி, சந்தை என்னைக்கு?"ன்னான். சந்தை பாஸ்டன்ல இருக்கும், ரெண்டு நாள் நடந்தா போயிடலாம்னேன். அங்கிருந்துதான் வரேன்னு சொல்லி, என் வாசப்படியிலேயே உட்கார்ந்துட்டான்.

பாஸ்டன்ல ஒரே தெருவில நாலு டோப்பாக் கடையாம். எங்க ஊர்ல ஒண்ணு கூட இல்லைன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எழுபது வீடு, எழுபது தலைன்னு மனக்கோட்டை கட்டிக்கிட்டுக் கிளம்பி வந்திருக்கான். எங்க ஊர்த் தலைக்கெல்லாம் வெயிலுக்கு ஒரு தொப்பி, குளிருக்கு ஒரு குல்லா, அவ்வளவுதான் தேவை. டோப்பா வச்சிருந்தவங்க மூணே பேர். போதகர் ஐயா, டாக்டர் விப்பிள், ஆலயத்து மூப்பர் டீக்கன் பார்லோ. அந்த மூணும் நாய் கடிச்சுத் துப்பின மாதிரி இருக்கும், அது வாஸ்தவம்தான்.

எங்க வீட்டு அடுப்படிக்கு மேல ஒரு அறை காலியா இருந்தது. என் வீட்டுக்காரர் ஒபதியாவுக்கு இளகின மனசு, "இருந்துட்டுப் போகட்டும்"னுட்டார். அந்த வருஷம் அவர்தான் ஊர்க் கான்ஸ்டபிள். யாரும் ஆசைப்பட்டு வாங்கிக்கிற வேலை இல்லை அது, முறை வச்சுத் தலையில விழும். வெளியூர்க்காரன் யார் வந்து தங்கினாலும் ஊர்ப் பெரியவங்ககிட்டச் சொல்லணும். வந்தவன் பிழைச்சுக்கிடுவானான்னு அவங்க பார்ப்பாங்க. மாட்டான்னு தோணிச்சுன்னா, ஒரு வருஷம் முடியறதுக்குள்ள வெளியேறச் சொல்லிச் சீட்டு எழுதி, கான்ஸ்டபிளை விட்டு அவன் மூஞ்சிக்கு நேரா படிச்சுக் காட்டுவாங்க. பதினாலு நாள்ல நடையைக் கட்டணும். வருஷம் தாண்டிட்டா அவன் ஊர்க்காரன். அப்புறம் காலொடிஞ்சு படுத்தாலும் ஊர்தான் சாப்பாடு போடணும். ஊர்ப் பெரியவங்களுக்குத் தலைவர் டீக்கன் பார்லோ. ஊர்க் காசு போறதுன்னா அவருக்கு உயிரே போற மாதிரி.

வந்த முதல் வாரம் ஜேபஸ் ஒரு வெள்ளி ஷில்லிங்கை எடுத்துக்கிட்டு வெண்ணெய் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனான். அந்தம்மா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கா.

"இதை வச்சு நான் என்ன பண்றது தம்பி?"

"எது வேணா வாங்கிக்கலாமே."

"யார்கிட்ட?"

"வெண்ணெய் வேணும்னா ஒரு நாள் வந்து வேலி போட்டுக் குடு"ன்னு அவ சொல்லியிருக்கா. வேலி போட்டான். கையெல்லாம் கொப்புளம். எங்க ஊர்ல அப்படித்தான். நிலம் கொட்டிக் கிடக்கு, கைதான் இல்லை. கூலிக்குன்னு ஒருத்தனைப் பிடிச்சா, ரெண்டே வருஷத்துல அவன் தனக்குன்னு ஒரு காட்டை வெட்டித் திருத்திக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் அவனும் கூலிக்கு ஆள் தேடுவான். கடை போட ஒருத்தன் வந்தா வாங்க ஆள் வேணாமா? எல்லார் வீட்டிலயும் எல்லாம் விளையுது, இல்லாததை யார் வீட்டிலயும் விளைவிக்க முடியாது.

"இது தற்காலிகம்தான் அக்கா. மூணு டோப்பா முடிச்சுட்டேன்னா பேர் பரவிடும்"னான்.

முதல் டோப்பா டீக்கனுக்கு. முடியைக் களிமண் குழல்ல சுத்தி வேகவச்சுக் காய வைப்பாங்க, அப்புறம் ரொட்டி சுடற ரை தானிய மாவைப் பிசைஞ்சு அதுக்குள்ள பொதிஞ்சு அடுப்புல சுட்டு எடுத்தாத்தான் சுருள் நிக்குமாம். இதை என்கிட்ட யாரும் சொல்லலை. சனிக்கிழமை நான் எட்டு ரொட்டி சுட வச்சேன், எடுக்கிறப்போ ஒன்பது இருந்தது. ஆண்டவர் குடுத்தார்னு நினைச்சு நானும் மேஜையில வச்சேன். ஒபதியா பசியோட வந்து ஒன்பதாவதை அறுத்தார். உள்ள இருந்து கத்தியோட நரைமுடி வந்தது. மனுஷன் கத்தியைக் கீழ வச்சுட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டார். ஜேபஸ் மாடியில இருந்து ஓடி வந்து, "வெட்டிட்டீங்களே, இடது பக்கச் சுருளை வெட்டிட்டீங்களே"ன்னு அழாத குறை. என் தங்கை சிரிச்ச சிரிப்புல மேஜைக்கு அடியில போய் விழுந்துட்டா.

என் தங்கையைச் சொல்லணும். பேர் சைலன்ஸ். எங்கப்பா ஆசைப்பட்டு வச்ச பேர், ஆசை நிறைவேறலை. பேச ஆரம்பிச்சா கோழி கூண்டுல அடையற வரைக்கும் பேசுவா. ரெண்டு மாப்பிள்ளை வந்து காது வலிச்சுப் போனாங்க. அப்போ அவளுக்கு இருபத்தாறு வயசு. ஜேபஸ் வேலை செய்றப்போ வாய் நிறைய ஊசி வச்சிருப்பான், குறுக்கப் பேச முடியாது. தலையை மட்டும் ஆட்டுவான். அவளுக்கு அது போதும். மே மாசத்துக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு.

டீக்கன் டோப்பாவுக்குக் குடுத்தது ஒரு சினைப் பன்றி. "நான் பன்றியை வச்சுக்கிட்டு என்ன பண்ண?"ன்னு நின்னான் ஜேபஸ். பன்றி பதினொரு குட்டி போட்டது. பன்னெண்டு வாய்க்குத் தீனி வேணும், தீனிக்கு மக்காச்சோளம் வேணும், அதை எவனும் விக்கிறதில்லை. டாக்டர் விப்பிள் தன் டோப்பாவுக்குப் பதிலா சதுப்பு ஓரத்துல நாலு ஏக்கரை எழுதிக் குடுத்தார். தன்னால உழ முடியாத நிலம், தாராளமாவே குடுத்தார். உழறதுக்கு எங்க எருது. எருதுக்குப் பதிலா எங்களுக்குப் புல்லு அறுத்துக் குடுக்கணும். ஓக் இலை அணில் காது அளவு வந்ததும் சோளம் ஊன்றினான், நாலஞ்சு விதைக்கு ஒரு மேடு, நடுவுல அவரை, ஓரத்துல பூசணி. சேத்துல இடுப்பு வரைக்கும் நின்னுக்கிட்டு, "இது விவசாயம் இல்லை அக்கா, பன்றிக்குத் தீனி"ன்னான்.

"பூசணி யாருக்கு?"ன்னு சைலன்ஸ் கேட்டா.

"பன்றி மாத்தி மாத்தித் தின்னணும்ல."

இலையுதிர் காலத்துல போதகர் தன் டோப்பாவுக்கு ஒரு கிடேரி குடுத்தார், தலைச்சன் சினை. அத்தோட ஊர்ல தலை தீர்ந்து போச்சு. நல்ல டோப்பா பத்து வருஷம் உழைக்கும். அவன் செஞ்சது நல்ல டோப்பா, அதுதான் அவன் தலையில அவனே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்ட இடம்.

கிறிஸ்துமஸ் வேதத்துல இல்லைன்னு எங்க ஊர்ல கொண்டாடற வழக்கம் இல்லை, அந்த நாள்லதான் பன்றி அடிச்சு உப்புப் போட்டான். நிலவறை நிறைய அவனோட பூசணி, அவரை, உப்புக்கறி. சீட்டு வராது, மார்ச் தாண்டிடும், வசந்தத்துல கல்யாணம்னு நான் நிம்மதியா இருந்தேன். பிப்ரவரி கடைசியில டீக்கன் ஆள் அனுப்பினார். மார்ச் ஒன்பதாம் தேதி மத்தியானம் விசாரணை. வருஷம் முடிய ரெண்டு நாள்தான் மிச்சம். ஆலயத்துல கணப்பு கிடையாது, மசிக்கூடே உறைஞ்சு போகும். அதனால என் அடுப்படியிலயாம்.

"உனக்கு எல்லாம்தான் இருக்கே, பயம் என்னத்துக்கு?"ன்னேன் ஜேபஸ்கிட்ட. ஒபதியா தாடையைச் சொறிஞ்சுக்கிட்டே என் பக்கம் திரும்பினார்.

"ஒரு சிக்கல் இருக்கு மெஹிதபெல். தொழில் என்னன்னு கேட்டு எழுதுவாங்க. டோப்பான்னு எழுதினா, டோப்பா வாங்க ஊர்ல ஆள் இல்லை, இவனுக்கு வழி இல்லைன்னு சீட்டைக் குடுத்துடுவார் டீக்கன். விவசாயின்னு சொன்னா முடிஞ்சு போச்சு."

"அப்ப விவசாயின்னு சொல்லிட்டுப் போறான்."

"சொல்ல மாட்டேன்"னான் ஜேபஸ்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். கரண்டியை அவன் மூக்குக்கு நேரா நீட்டி, "ஏன்டா, நாக்கு சுளுக்கிக்குமா?"ன்னேன்.

"நான் விவசாயி இல்லை அக்கா. ஆண்டவர் பேரைச் சொல்லி ஆணை வாங்குவாங்க. ஆணையிட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா? ஏழு வருஷம் ஒருத்தர்கிட்ட அடிவாங்கிக் கத்துக்கிட்ட தொழில் இது. எங்கப்பாவுக்குப் பதினொரு பிள்ளைங்க. கல்லைப் பொறுக்கிப் பொறுக்கியே முதுகு வளைஞ்சு செத்தார். என்னை வேலைக்கு விட்டப்போ, 'நீயாவது மண்ணைத் தொடாம இரு'ன்னார். தொட்டுட்டேன், அது என் விதி. ஆனா அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

சைலன்ஸ் அன்னைக்குத்தான் பேருக்கேத்த மாதிரி இருந்தா. ஒரே வார்த்தைதான், "எனக்காக?"ன்னா.

அவன் அவளைப் பார்த்தான். கண்ணு கலங்கிச்சு. "உனக்காக மலையைக் கேளு, வெட்டறேன்"னான். "பொய் கேக்காதே."

மலை எதுக்கு, ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைஞ்சா என்னன்னு அவ அழுதுக்கிட்டே மாடியேறிப் போனா. பாவம், அவளுக்கு அவனை விட்டா ஆள் இல்லை, அவனுக்கும் அவளை விட்டா ஆள் இல்லை. நடுவுல ஒரு வார்த்தை உட்கார்ந்துக்கிட்டு நகர மாட்டேங்குது.

ஒன்பதாம் தேதி மத்தியானம் என் அடுப்படி நிறைஞ்சு போச்சு. டீக்கன் மேஜை தலைமாட்டுல, டோப்பா பளபளன்னு. பக்கத்துல டாக்டர். மூணாவது பெரியவர் கொல்லன் டைலர். சாட்சிக்குப் போதகர். வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேர். விசாரணைக்கு வந்தாங்களா, என் ஆப்பிள் பணியாரத்துக்கு வந்தாங்களான்னு எனக்குத் தெரியும். ஒபதியா கான்ஸ்டபிள் கோலோட கதவுகிட்ட நின்னார். அவர் பையிலதான் எழுதின சீட்டு இருந்தது.

டீக்கன் தொண்டையைக் கனைச்சார். "பேர்?"

"ஜேபஸ் டட்டில். நீங்க தலையில வச்சிருக்கிறதைச் செஞ்சவன்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தொழில்?"

நான் கண்ணை மூடிக்கிட்டேன். அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள கொட்டகையில அவன் கிடேரி அடிவயித்துல இருந்து கத்திச்சு. ஜேபஸ் முகம் மாறிப் போச்சு.

"ஐயா, தலைச்சன் ஈத்து. ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு டீக்கனைத் தாண்டி, பெஞ்சைத் தாண்டி, டாக்டர் காலை மிதிச்சுக்கிட்டு ஓடிட்டான். எல்லாரும் பின்னாலயே போனாங்க. வேறென்ன செய்வாங்க, பசு கன்னு போடறதைப் பார்க்காம உட்கார்ந்திருக்க எங்க ஊர் ஆம்பிளைங்களால முடியுமா? கன்னு பின்னங்கால் முன்னால வருது. கொட்டகை பூரா ஆளாளுக்கு யோசனை. "இழு"ன்னார் டீக்கன். "இழுக்காதே"ன்னார் டாக்டர். ஜேபஸ் ரெண்டு பேரையும், "தள்ளி நில்லுங்கய்யா, காத்து வரட்டும்"னு அதட்டினான். சட்டையைக் கழட்டி எறிஞ்சுட்டுத் தோள் வரைக்கும் கையை விட்டு, பசுகிட்ட என்னென்னமோ கொஞ்சிப் பேசிக்கிட்டே, அரை மணியில கன்னை முழுசா வெளிய எடுத்து வச்சான். வைக்கோலால தேய்ச்சு, மூக்குல ஊதி, அது தும்மினதும் அவனும் தரையில உட்கார்ந்துட்டான்.

திரும்ப எல்லாரும் அடுப்படிக்கு வந்தாங்க. அவன் மேல தலையில இருந்து கால் வரைக்கும் ரத்தம், சாணி, வைக்கோல். டீக்கன் பேனாவை எடுத்தார். அவருக்கே மனசு இளகியிருந்தது, குரல்ல தெரிஞ்சது.

"இப்பச் சொல்லுப்பா. தொழில்?"

"டோப்பா செய்றது."

ஆப்பிள் கள்ளு ஊத்திக்கிட்டிருந்த சைலன்ஸ் குடத்தை மார்போட அணைச்சுக்கிட்டா. டீக்கன் பேனாவை வீசிட்டார்.

"இந்தக் கோலத்துல நின்னுக்கிட்டா? உன்னைப் பார்த்தா எவனாவது டோப்பா செய்றவன்னு சொல்வானா?"

"இன்னைக்குக் காலையில டாக்டர் ஐயா எரு அள்ளிக்கிட்டிருந்தார். அவரைப் பார்த்தா எவனாவது டாக்டர்னு சொல்வானா?"ன்னான் ஜேபஸ். "அவர் விவசாயியா?"

டாக்டர் விப்பிளுக்கு ரோஷம் பொத்துக்கிட்டு வந்தது. "யாரைப் பார்த்து என்ன பேசற? நான் டாக்டர்யா. நோய் வர்றவன் கம்மி, அதுக்கு நானா பொறுப்பு?"

"போதகர் ஐயா? உங்களுக்கு முப்பது ஆடு."

"நான் ஆண்டவரோட ஊழியக்காரன்"னார் போதகர். "ஆடு... அது வீட்டுத் தேவைக்கு."

"நான் கொல்லன்"னு கேக்காமலேயே எழுந்தார் டைலர். "வருஷத்துக்கு இருபது லாடம் அடிக்கிறேன். இருபதும் சுத்தமான வேலை."

ஒருத்தன் செருப்புத் தைக்கிறவன்னான். இன்னொருத்தன் நெசவுன்னான், தறி பரண் மேல இருக்காம். ஒவ்வொருத்தனா எழுந்திருக்க எழுந்திருக்க எனக்குச் சிரிப்பு தாங்கலை. பிறந்ததுல இருந்து பக்கத்துப் பக்கத்துல உழுதுக்கிட்டிருக்கிற ஊர், ஒருத்தன் கூட விவசாயி இல்லை.

அப்போ கதவுகிட்ட இருந்து ஒபதியா பேசினார்.

"நான் பாய் தைக்கிறவன். கப்பல் பாய்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கலை, கோலைப் பார்த்துக்கிட்டிருந்தார். பதினாலு வருஷம் அந்த மனுஷனோட குடும்பம் நடத்தியிருக்கேன், மூணு பிள்ளை பெத்திருக்கேன், எனக்கு இது தெரியாது. சின்ன வயசுல பாஸ்டனுக்கு வடக்க இருக்கிற சேலம் துறைமுகத்துல இருந்தேன்னு சொல்லியிருக்கார். அங்க என்ன செஞ்சீங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கடைசியா எல்லாரும் டீக்கனைப் பார்த்தாங்க. அவர் டோப்பாவைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டார். கொஞ்ச நேரம் அதோட சுருளைத் தடவிக்கிட்டிருந்தார்.

"வெள்ளித் தட்டான்"னார், சன்னமா. "முப்பத்தோரு வருஷம் ஆச்சு இந்த ஊருக்கு வந்து. நாலு ஸ்பூன் செஞ்சேன். நாலும் என் வீட்டுக்கே."

யாரும் சிரிக்கலை. டீக்கன் டோப்பாவைத் திரும்ப மாட்டிக்கிட்டு, பேனாவைத் தேடி எடுத்து, சொல்லிக்கிட்டே எழுதினார். "ஜேபஸ் டட்டில். டோப்பா செய்றவன். பசு ஒண்ணு, கன்னு ஒண்ணு, பன்றி ஏழு, நிலம் நாலு ஏக்கர். பிழைச்சுக்கிடுவான்." அப்புறம் ஒபதியா பக்கம் கையை நீட்டினார். ஒபதியா சீட்டைக் குடுத்தார், டீக்கன் அதை அடுப்புல போட்டார். சைலன்ஸ் குடத்தைக் கீழ வச்சுட்டு, அத்தனை சாணியோட அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. போதகர் முகத்தைத் திருப்பிக்கிட்டு, பணியாரம் இன்னும் இருக்கான்னு கேட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் கொட்டகையில பால் கறந்துக்கிட்டிருந்த ஒபதியாகிட்டப் போய் நின்னேன்.

"என்னங்க, ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"நீ கேக்கலை"ன்னார். "கேட்டாலும் இங்க கடல் எங்க இருக்கு?"

நான் உள்ள போய்க் கிழிஞ்ச சோள மூட்டை ஒண்ணும், பெரிய ஊசியும், நூலும் கொண்டு வந்து அவர் முன்னால வச்சேன். மூட்டை தைக்கிறது எப்பவும் என் வேலைதான். அவர் கையைத் துடைச்சுக்கிட்டு ஊசியை வாங்கினார். நூல்ல மெழுகைத் தேய்ச்சு, முழங்கால் மேல துணியை இழுத்துப் பிடிச்சு, விறுவிறுன்னு தைச்சார். அப்படி ஒரு தையலை நான் என் ஆயுசுல பார்த்ததில்லை. அளந்து வச்ச மாதிரி, தண்ணி கூட ஒழுகாது. பதினாலு வருஷமா என் கோணல் தையலைப் பார்த்துக்கிட்டு ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கார், பாவி மனுஷன்.